கருப்பட்டி காபி குடித்தால் சர்க்கரை ஏறாதா? ரத்தம் எடுக்கும் மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டாக்டர் இல்லை. ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் 22 வருஷமாக ஊசி குத்தி ரத்தம் எடுப்பவன். காலை ஆறரை மணிக்கு வெறும் வயிற்றோடு வந்து, கையை நீட்டிக்கொண்டே ஆட்கள் கேட்கும் கேள்விகள் இவை. சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு "இது நிஜமாப்பா?" என்று கேட்டவையும் கலந்திருக்கின்றன. தினமும் வாயால் சொல்லிச் சலித்துப்போனதால் எழுதி வைக்கிறேன்.

சீனிதானே விஷம்? கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை போட்டுக் குடித்தால் சர்க்கரை ஏறாதாமே?

ஏறும். சீனி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எல்லாவற்றிலும் பெரும்பகுதி சுக்ரோஸ் என்ற ஒரே சரக்குதான். கருப்பட்டியில் தாதுச்சத்து கொஞ்சம் கூடுதல், அது உண்மை. ஆனால் காபிக்குப் போடும் ஒரு ஸ்பூனில் கிடைக்கும் இரும்புச்சத்தை வைத்து ரத்தசோகை தீராது.

எங்களிடம் வாடிக்கையாக வரும் மாமா ஒருவர் சீனியை விட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொல்வார். முன்பு காலை மாலை இரண்டு காபி, அரை அரை ஸ்பூன் சீனி. கருப்பட்டிக்கு மாறியதும், 'இது மருந்துதானே' என்று நாலு காபி, நாலிலும் தாராளம். மூணு மாச சர்க்கரை (மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c பரிசோதனை) 7.4-லிருந்து 8.9-க்கு ஏறிவிட்டது. 'நல்லது' என்று பட்டம் கொடுத்த அன்றே அளவு கை நழுவிப் போயிற்று.

இனிப்புக்காகச் சேர்ப்பது மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. ஐந்து சதவீதம் என்றால் நாள் முழுக்கச் சேர்த்து ஏறத்தாழ 25 கிராம், ஆறு டீஸ்பூன். தேனும் வெல்லமும் பழச்சாறும் இந்தக் கணக்கில்தான் வரும். இது சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் சேர்த்துச் சொன்ன கணக்கு.

எந்தச் செய்தி வந்தாலும் நான் மூன்று கேள்விதான் கேட்பேன். எவ்வளவு? யாருக்கு? எதற்குப் பதிலாக? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத செய்தியை நான் அடுத்தவருக்கு அனுப்புவதில்லை.

அப்படியானால் ராகி, கம்பு, சிவப்பரிசி? அதையாவது இஷ்டம்போல் சாப்பிடலாமா?

நல்ல உணவுதான். நார்ச்சத்து அதிகம். ஆனால் அதிலும் மாவுச்சத்து உண்டு, மாவுச்சத்து வயிற்றுக்குள் போய்க் குளுக்கோஸாகத்தான் மாறும். நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் இன்னும் சீக்கிரம் மாறும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் ஒருநாள் ராகிக் கூழ், இன்னொரு நாள் அதே நேரத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பாருங்கள். உங்கள் உடம்புக்கான பதில் உங்கள் விரல் நுனியிலேயே இருக்கிறது. (டெஸ்ட்டுக்கு முந்தைய இரண்டு நாள் பத்தியம் இருந்துவிட்டு வருபவர்களுக்கு: மூணு மாச சர்க்கரையை அப்படி ஏமாற்ற முடியாது.)

ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் அரிசி கலக்கிறார்களாமே? தண்ணீரில் மிதக்கிறது, நானே கண்ணால் பார்த்தேன்.

நீங்கள் பார்த்தது பொய் இல்லை. மிதப்பது பிளாஸ்டிக் இல்லை, செறிவூட்டிய அரிசி. அரிசியை மாவாக்கி, அதில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 மூன்றையும் கலந்து, இடியாப்பம் பிழிவதுபோல ஓர் இயந்திரத்தில் பிழிந்து, அரிசி அளவுக்கு நறுக்கிக் காயவைக்கிறார்கள். இதை நூறு கிலோ சாதாரண அரிசிக்கு ஒரு கிலோ வீதம் கலப்பதுதான் முறை. ரேஷன், சத்துணவு எல்லாவற்றிலும் இந்த அரிசிதான் என்று பிரதமர் 2021 சுதந்திர தின உரையில் அறிவித்தார். பிழிந்து செய்ததால் நிறமும் எடையும் கொஞ்சம் மாறும், சில மணிகள் மேலே மிதக்கும். அதைப் பொறுக்கி எறிந்தால் சத்தைத்தான் எறிகிறோம்.

சோற்றை உருட்டித் தரையில் அடித்தால் பந்துபோல் துள்ளுகிறதே என்று வீடியோ வரும். எந்தச் சோற்றை இறுக்கி உருட்டினாலும் துள்ளும், மாவுச்சத்தின் பசை அப்படி. தீயில் காட்டினால் கருகுகிறதே என்பார்கள். அப்பளமும்தான் கருகும். பிளாஸ்டிக் உருகிச் சொட்டும், நாற்றமே காட்டிக்கொடுக்கும். கடைசியாக ஒன்று: ரேஷன் அரிசியைவிடப் பிளாஸ்டிக் விலை அதிகம். நஷ்டத்துக்குக் கலப்படம் செய்யும் வியாபாரியை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆனால் இந்த அரிசியால் ரத்தசோகை குறையுமா என்பது வேறு கேள்வி. இரும்புச்சத்து சேர்த்த அரிசி குறித்த ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, ரத்தசோகை ஆபத்தில் பெரிய வித்தியாசம் இல்லாமல் போகலாம் என்றுதான் சொன்னது. தலசீமியா போன்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்கள் தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்வதும் நல்லது. இப்படி நியாயமாகக் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கும்போது, பிளாஸ்டிக் வதந்தி எல்லாவற்றையும் அமுக்கிவிடுகிறது. எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

ஆராய்ச்சி எல்லாம் வெள்ளைக்காரன் உடம்பில் செய்தது. நம் சாப்பாட்டை யார் ஆராய்ந்தார்கள்?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும். புழுங்கல் அரிசியின் கதையைச் சொல்ல வழி கிடைக்கிறது.

நூற்றிருபது வருஷத்துக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது. கால் வீங்கும், மரத்துப்போகும், கடைசியில் இதயம் நின்றுவிடும். தீட்டிய வெள்ளைப் பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களுக்கு வந்தது. தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர்களுக்கு அநேகமாக வரவில்லை. அவர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி.

இத்தோடு நின்றிருந்தால் அதுவும் ஒரு ஃபார்வர்டுதான். தமிழர்களுக்கு வராததற்குப் புளி காரணமாக இருக்கலாம், மஞ்சள் காரணமாக இருக்கலாம், வேலை, வீடு, தண்ணீர் எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். வில்லியம் ஃபிளெட்சர் என்ற டாக்டர் 1905-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஒரு காரியம் செய்தார். நோயாளிகளை வரிசையில் நிற்க வைத்து ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்தார். ஒரு வார்டுக்குச் சயாம் பச்சரிசி, மற்றதற்கு இந்தியப் புழுங்கல் அரிசி. இரண்டிலும் சுமார் 120 பேர். பச்சரிசி வார்டில் பெரிபெரியால் 18 பேர் செத்தார்கள். புழுங்கல் அரிசி வார்டில் அந்த நோயால் ஒருவரும் சாகவில்லை. சம்மதம் கேட்காமல் இப்படிச் செய்வதை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. ஆனால் ஒன்றுக்கு எதிராக இன்னொன்றை நிறுத்தி எண்ணிப் பார்ப்பது என்றால் இதுதான்.

அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்றுதான் அன்று பலர் நினைத்தார்கள். உண்மையில் தவிட்டோடு போன வைட்டமின் பி1 தான் பிரச்சினை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. 1918-இல் நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அந்த அறைதான் வளர்ந்து 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. 2024-இல் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியை வெளியிட்டதும் அந்த நிறுவனம்தான். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் வந்த கணக்கும் நம் சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று எடுத்தது.

பாட்டி செய்தது சரி என்று தெரிந்தது எண்ணிப் பார்த்ததால். எண்ணிப் பார்த்தபோது தப்பென்று தெரிந்தவையும் உண்டு. வெற்றிலை பாக்கைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்று போட்டிருந்தால் நம்பலாம்தானே?

2015-இல் ஜான் போஹனன் என்ற பத்திரிகையாளர் ஜெர்மனியில் வேண்டுமென்றே ஒரு மட்டமான ஆய்வு செய்தார். சாக்லேட் சாப்பிட்டால் எடை சீக்கிரம் குறைகிறதா என்று 15 பேரிடம் பார்த்தார். எடை, கொழுப்பு, தூக்கம் என்று 18 விஷயங்களை அளந்தார். பதினெட்டு முறை சீட்டு எடுத்தால் ஒன்றாவது விழத்தானே செய்யும்? விழுந்தது. பணம் வாங்கிக்கொண்டு அச்சிடும் ஒரு சஞ்சிகை அதை வெளியிட்டது. பல நாட்டுப் பத்திரிகைகள் தலைப்புச் செய்தியாக்கின. பிறகு அவரே உண்மையைப் போட்டு உடைத்தார்.

அதனால் எத்தனை பேர், எத்தனை நாள், யாரோடு ஒப்பிட்டார்கள், யார் பணம் என்று பாருங்கள். எலிக்கோ சோதனைக் குழாய்க்கோ நடந்ததை மனுஷனுக்கு நடந்ததாகச் சொல்கிறார்களா என்றும் பாருங்கள்.

பெரிய எண்ணிக்கை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒன்று: பீட்டா கரோட்டின் நிறைந்த காய்கறி சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பல கணக்குகள் காட்டின. மாத்திரையாகவே கொடுத்துவிடலாம் என்று ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் சோதித்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, மாத்திரை தின்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் *அதிகம்*. கேரட் வேறு, கேரட்டிலிருந்து உருவிய ஒரு சத்தை மாத்திரையாக விழுங்குவது வேறு.

இயற்கையானது எப்படிக் கெடுதல் செய்யும்?

பாக்கு மரத்தில்தான் காய்க்கிறது. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் வாய்ப்புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் வெளியிட்ட தொகுப்பில் சொன்னது. சிகரெட் இருக்கும் அதே முதல் பட்டியலில் பாக்கும் இருக்கிறது. 'நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்' என்று சொல்லும் பெரியவர்களிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

அந்தப் பட்டியலையும் புரிந்துகொண்டு படிக்க வேண்டும். புற்றுநோய் தரும் என்பதற்கு ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதுதான் அதில் வரிசை. எவ்வளவு ஆபத்து என்பது அதில் தெரியாது. 2023-இல் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பைச் 'சாத்தியம் இருக்கலாம்' என்ற வகையில் சேர்த்தபோது ஊரே அலறியது. முழு இலையோடு பிழிந்த கற்றாழைச் சாறு அதே வகையில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு யாரும் அலறவில்லை, காலையில் குடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இளநீர் அமிர்தம்தான். சிறுநீரகம் பழுதாகிப் பொட்டாசியம் ஏறி நிற்பவருக்கு அதுவே இதயத்துடிப்பைக் கெடுக்கும். யாருக்கு என்ற கேள்வியை விட்டுவிட்டால் அமிர்தமும் இப்படி ஆகும்.

இந்துப்பு பற்றியும் கேட்கிறார்கள். அதுவும் உப்புதான், பிரஷரை ஏற்றும் சோடியம் அதிலும் உண்டு. அயோடின் சேர்க்காத இந்துப்புக்கு வீடே மாறினால், கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் தேவையான அயோடின் குறைந்துபோகும்.

டெங்குவில் பப்பாளி இலைச் சாறு கொடுத்தோம். மறுநாளே பிளேட்லெட் ஏறிவிட்டது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஏறியதை நானும் பார்த்திருக்கிறேன், ரிப்போர்ட்டை அச்சடித்துக் கொடுத்ததே நான்தான். சாறு குடிக்காதவர்களுக்கும் அதேபோல் ஏறியதையும் பார்த்திருக்கிறேன். டெங்குவில் பிளேட்லெட் சில நாள் இறங்கும், பிறகு தானாக ஏறும். எண்ணிக்கை அடிமட்டத்தில் இருக்கும்போதுதான் வீட்டில் பயந்துபோய்ச் சாறு கொடுப்பார்கள். அடுத்த நாள் ஏறும், பெயர் சாறுக்குப் போகும். பப்பாளி இலையை வைத்துச் சில சிறிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. எண்ணிக்கை ஏறுகிறது என்று அவற்றில் சில சொல்கின்றன, உயிர் காக்கிறது என்று எதுவும் காட்டவில்லை.

இதைவிட முக்கியம் ஒன்று. டெங்குவில் உயிரை எடுப்பது பெரும்பாலும் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறுவது. அது நடப்பது காய்ச்சல் *விட்ட* சமயத்தில், அடுத்த ஒன்றிரண்டு நாளில். காய்ச்சல் விட்டது, பிழைத்தோம் என்று வீட்டுக்காரர்கள் நிம்மதியாகும் நேரம் அதுதான். அப்போது கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், மூச்சு வாங்குதல், துவண்டு கிடப்பது, சிறுநீர் குறைவது இதில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ரிப்போர்ட்டில் பிளேட்லெட்டை மட்டும் பார்க்காமல் பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) என்று ஒரு வரி இருக்கும், அது ஏறிக்கொண்டே போகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் கூடாது.

பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுவதால்தான் பெண் பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வருகிறார்களா?

பல்லடம் பக்கம் ஒரு கொட்டகையில் ஆயிரக்கணக்கில் கோழி இருக்கும். ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட யாருக்குக் கட்டுப்படியாகும்? அது சீக்கிரம் வளர்வது இனத்தால். கனடாவில் 1957-இல் இருந்த கோழி இனத்தையும் 2005-இன் இனத்தையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். 56 நாளில் பழையது 905 கிராம், புதியது 4,202 கிராம்.

பெண் பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வருவதற்கு உடல் எடையும் போஷாக்கும் கூடியிருப்பது முக்கியக் காரணம் என்கிறார்கள். கோழியில் கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாடிக். மனுஷனுக்குக் கடைசி அஸ்திரமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தைத் தீவனத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2019-இல் மத்திய அரசு அதைத் தடை செய்தது. இதைப் பற்றி எனக்கு ஒரு ஃபார்வர்டுகூட வந்ததில்லை.

செக்குத் தேங்காய் எண்ணெய் கொழுப்பைக் கரைக்குமா?

கரைக்காது. செக்கில் ஆட்டினால் மணமும் சில நுண்சத்தும் தங்கும், கொழுப்பின் வகை மாறாது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2020 தொகுப்பு ஒன்றில், சூரியகாந்தி, ஆலிவ் போன்ற எண்ணெய்களோடு ஒப்பிடும்போது கெட்ட கொழுப்பு என்கிற எல்.டி.எல். டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் கூடியது. நல்ல கொழுப்பும் கொஞ்சம் கூடியது. அவியலில் கடைசியாக ஊற்றும் ஒரு ஸ்பூனுக்கு நான் சண்டை போடமாட்டேன். வெறும் வயிற்றில் இரண்டு ஸ்பூன் குடித்துவிட்டு என்னிடம் கொலஸ்ட்ரால் பார்க்க வருபவர்களோடுதான் சண்டை.

எலுமிச்சைச் சாறு ரத்தத்தைக் காரத்தன்மை (ஆல்கலைன்) உள்ளதாக்கிப் புற்றுநோயைக் கொல்லுமா?

இல்லை. ரத்தத்தின் அமில-கார அளவு (pH) 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில்தான் நிற்கும். நுரையீரலும் சிறுநீரகமும் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. சாப்பாட்டால் மாறுவது சிறுநீரின் கணக்கு மட்டும்.

விஞ்ஞானிகளே மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். முட்டை ஆகாது என்றார்கள், இப்போது ஆகும் என்கிறார்கள்.

ஆமாம். உணவில் கொலஸ்ட்ரால் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்குள் என்ற வரம்பை அமெரிக்க வழிகாட்டியே தன் 2015–2020 பதிப்பில் எடுத்துவிட்டது. வனஸ்பதி கதை இதற்கு நேர்மாறு. நெய்க்குப் பதில் என்று வீட்டுக்கு வீடு வாங்கினோம், அதிலிருந்த டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்று பிற்பாடு தெரிந்தது. இந்தியாவில் 2022 ஜனவரியிலிருந்து அதற்கு உச்சவரம்பு 2 சதவீதம். புது ஆதாரம் வந்தால் பேச்சு மாறத்தான் வேண்டும். முப்பது வருஷமாக ஒரு எழுத்தும் மாறாத ஃபார்வர்டைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

காசுக்காக மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. இதய நோய்ப் பழியைச் சர்க்கரையிலிருந்து கொழுப்பின் பக்கம் திருப்பும் கட்டுரைக்காக ஹார்வர்டு ஆய்வாளர்களுக்கு அமெரிக்கச் சர்க்கரை ஆலைகளின் அமைப்பு பணம் கொடுத்திருந்தது. கட்டுரை வந்தது 1967-இல், பணம் கொடுத்தது வெளியே தெரிந்தது 2016-இல்.

அப்படியானால் பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதையாவது நம்பலாமா?

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கத்தில்தான் விஷயம் இருக்கும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சாப்பாட்டு உப்பு 2.6 கிராம், கூடவே பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் என்பது உலக சுகாதார நிறுவனக் கணக்கு. அந்த மூன்றெழுத்தைப் பெயரில் ஒட்டிக்கொண்டு, இதைவிடப் பல மடங்கு சர்க்கரையோடு பானங்கள் மருந்துக்கடையிலேயே விற்றன. வயிற்றுப்போக்கு இருக்கும் குழந்தைக்கு அவ்வளவு சர்க்கரை போனால் குடலுக்குள் தண்ணீரை இழுத்து இன்னும் போக வைக்கும். ஹைதராபாத்தில் ஒரு குழந்தை மருத்துவர் பல வருஷம் போராடிய பிறகு, 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பானங்களில் போடக் கூடாது என்றது.

அத்தை வீடியோ பார்த்து மாத்திரையை நிறுத்திவிட்டு ஏதோ பொடி சாப்பிடுகிறார். எப்படிச் சொல்வது?

என் சொந்த அத்தைக்கே நடந்தது. 'நாற்பத்தெட்டு நாளில் சர்க்கரை ஓடிப்போகும்' என்று ஒரு பொடி. நான் போய், அந்த வீடியோக்காரர் யார், என்ன படித்தார் என்று ஆரம்பித்தேன். அது பெரிய தப்பு. "உனக்கு எல்லாம் தெரியுமாடா? நீ ஊசி குத்துறவன்தானே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் வாதத்தை விட்டுவிட்டு, "பொடி நல்லா வேலை செய்யுதான்னு பார்ப்போமா அத்தை?" என்று மட்டும் கேட்டேன். வெறும் வயிற்றில் 268. மெஷின் சரியில்லை என்றார். சரி என்று பக்கத்து வீட்டு மெஷினை வாங்கி வந்தோம். 271. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஃபிரிட்ஜ் மேலே கிடந்த மாத்திரை அட்டையை அவரே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் கிளம்பினார். பொடியையும் கூடவே எடுத்து வரச் சொன்னேன், என்ன சாப்பிட்டார் என்று டாக்டருக்குத் தெரிய வேண்டுமே.

அந்த டப்பா இன்னும் அடுப்படி அலமாரியில்தான் இருக்கிறது. 1,800 ரூபாய் கொடுத்ததைத் தூக்கி எறிய மனசு வரவில்லையாம்.